கைக்கு அடியில் கை

அக்கா வீட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு மரப்பலகை அடித்திருக்கிறது. தாராவியில் 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில், பத்துக்குப் பத்து வீடு. பாயைச் சுருட்டி வைக்கவே இடம் இல்லாத அந்த வீட்டில், இந்தப் பலகைக்கு முன்னால் மட்டும் யாரும் எதையும் வைக்கமாட்டோம். பலகையில் தடுத்துத் தடுத்து ஐந்து அறைகள். இன்று காலை முதல் அறையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. இரண்டாவதில் பழைய துண்டிலிருந்து கிழித்த ஓர் ஓரம். மூன்றாவதில் நூல்கண்டு. நான்காவதில், ரயிலில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒரு வளையம். ஐந்தாவது காலி. கீழே தரையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா.

அக்கா மகள் எழுந்ததும் நேராக அங்கேதான் போவாள். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நகர்வாள். டீ. குளியல். பூக் கட்டுவது. ரயில். அதற்குப் பிறகு அவள் இஷ்டம். தொட்டு முடித்ததும் தோள் லேசாக இறங்கும். அந்தத் தோள் இறங்குவதைப் பார்த்தால்தான் எனக்கும் அன்றைய நாள் தொடங்கும்.

அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. கண்ணில், வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியும், அவ்வளவுதான். வீட்டில் குட்டி என்போம். அது நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் பெயர். அவளுக்குத் தெரிந்த அவள் பெயர் வேறு: கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரலால் மெல்ல ஒரு கோடு.

நான் சிறப்புக் கல்வி படித்தவள் இல்லை. ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். அவளுக்குச் சித்தி. பதினைந்து வருடம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அப்புறம் அவளிடமே கற்றுக்கொண்டேன். எழுத வேண்டும் என்று நினைத்தது அதைத்தான்.

அக்காவுக்கு இரண்டாவது மாதம் நடக்கும்போது காய்ச்சல் வந்தது. உடம்பில் சின்னச் சின்னதாகச் சிவப்பு. ஆச்சி வாசலில் வேப்பிலை செருகினாள். மூன்று நாளில் இறங்கிவிட்டது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம், மறந்துவிட்டோம். அது ருபெல்லா. பெரியவர்களுக்கு வந்தால் ஒன்றுமில்லாத காய்ச்சல். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு, அதுவும் முதல் மூன்று மாதத்தில், கண், காது, இதயம் எல்லாம் உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்தால் கதை வேறு. 1941-லேயே ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். பிறவிக் கண்புரையோடு ஏன் இத்தனை குழந்தைகள் வருகின்றன என்று யோசித்தவர், தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்த அம்மை வந்திருந்ததைக் கவனித்தார். 1969-லேயே தடுப்பூசியும் வந்துவிட்டது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது 2006-ல். கிரெக் சொல்லி அறுபத்தைந்து வருடம் கழித்து.

நம் நாட்டில் அரசு இலவசமாக இந்த ஊசியைப் பெரிய அளவில் போடத் தொடங்கியது 2017 பிப்ரவரியில். தமிழ்நாடும் கர்நாடகாவும் முதல் சுற்றில் இருந்தன. மகாராஷ்டிரத்துக்கு 2018 நவம்பரில் வந்தது. ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றார்கள். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, காய்ச்சல் வந்து செத்துப்போகும் என்று வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றியது. அந்த வாரம் அக்கா குட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு எங்கள் சந்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "இவளுக்கு வந்தது இதுதான். போட்டுருங்க மைனி" என்பாள். அக்கா அழாமல் அதைச் சொன்னது எப்படி என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. இப்போது ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று என்று ஊசி வழக்கமாகிவிட்டது. உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குட்டிக்கு நாலு மாதத்தில் கண்புரை அறுவை நடந்தது. இதயத்தில் சின்ன ஓட்டை, அது தானாக மூடிக்கொண்டது. காது கேட்கவில்லை என்று தெரிய ஒன்றரை வயது ஆனது. கண்ணுக்காக அலைந்த இடத்தில் காதை யாரும் சோதிக்கவில்லை. நாங்களும் கண் தெரியாததால்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்று வயதில் பள்ளிக்கு அலைந்தோம். காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில், எங்கள் பாடமெல்லாம் கண்ணால் பார்த்து நடப்பது, சைகையும் உதட்டசைவும் தெரியாத பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்றார்கள். பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றில், எங்கள் பாடமெல்லாம் காதால் கேட்டு நடப்பது என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா, "ரெண்டு வாசல்லயும் இன்னொரு வாசலக் காட்டி அனுப்பிட்டாவ" என்றாள்.

அவர்கள் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது, அது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது. காது கேளாதவர் கல்வி கண்ணை நம்பி நிற்கிறது. பார்வையற்றவர் கல்வி காதை நம்பி நிற்கிறது. இரண்டும் போனவர்களுக்கு இதில் பாதி அதில் பாதி எடுத்துச் சேர்த்துவிட முடியாது. அது தனியான ஒரு நிலை, அதற்குத் தனியான ஒரு கற்பித்தல் வேண்டும். சட்டத்துக்கே இது தெரிய நாளாயிற்று. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைகள் இருந்தன, இது இல்லை. 2016-ல் வந்த சட்டம் இருபத்தொரு வகைகளைச் சொல்லும்போதுதான் காது கேளாமையும் பார்வையின்மையும் சேர்ந்த நிலைக்குப் பெயர் சொல்லி இடம் கொடுத்தது. அதற்கு முன்னால் சான்றிதழ் வாங்கப்போன ஓர் அலுவலகத்தில், "கண்ணா, காதா, ஏதாவது ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். அக்கா காது என்றாள். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் மும்பையில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இந்தியாவில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான முதல் பள்ளியை, ஹெலன் கெல்லர் பெயரில், 1977-ல் பெரோஸ் வாச்சா தொடங்கியது இந்த ஊரில்தான். அப்படி ஒரு கல்வி உண்டு, அதைப் படித்த ஆசிரியர்கள் உண்டு என்ற பேச்சாவது எங்கள் காதுக்கு எட்டியது. சொந்த ஊரில், திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மாட்டேன்.

வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஒரு மராட்டிய ஆசிரியை கிடைத்தார். நாங்கள் அவரைத் தாயி என்று கூப்பிடுவோம். மராட்டியில் அக்கா என்று அர்த்தம். ஆச்சி கடைசிவரை அதைத் தமிழ்ச் சொல்லாகவே எடுத்துக்கொண்டாள், நாங்களும் திருத்தவில்லை.

தாயி வந்த முதல் நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. குட்டி வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். ஆடுவாள், வாசல் வெளிச்சத்துக்கு நேரே விரல்களை ஆட்டுவாள், கிட்டே போனால் கத்துவாள். அதுதான் அவள் நாள். தாயி பையைக் கீழே வைத்தார். பொம்மை, அட்டை, மணி, ஒன்றும் எடுக்கவில்லை. குட்டிக்குப் பின்னால் போய், கால்களை இரண்டு பக்கமும் நீட்டி உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து ஆடத் தொடங்கினார். முன்னே, பின்னே. முன்னே, பின்னே. அக்கா என்னைப் பார்த்தாள். நிறுத்த வேண்டும் என்று நாங்கள் மூன்று வருடமாகப் பாடுபட்ட ஒன்றை இந்த அம்மாள் சேர்ந்து செய்கிறாரே என்று.

கால் மணி நேரம் ஆடியிருப்பார்கள். திடீரென்று தாயி நின்றுவிட்டார். குட்டியும் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. நானாக இருந்தால் ஐந்து விநாடியில் ஏதாவது செய்திருப்பேன். தாயி அசையவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, வெளியே ஒரு தண்ணீர் கேன் வண்டி வந்து, இறக்கி, போய்விட்டது. அப்புறம் குட்டி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தாயியின் முழங்காலை இரண்டு முறை தட்டினாள்.

தாயி உடனே ஆடினார்.

மறுபடியும் நின்றார். இந்த முறை தட்டல் சீக்கிரம் வந்தது. "இன்னும் என்று கேட்கிறாள்" என்று தாயி எங்களிடம் இந்தியில் சொன்னார். அதுதான் குட்டியின் முதல் சொல். அவள் ஒன்று கேட்டு, அது நடந்தது. மூன்றரை வருடத்தில் முதல்முறை. அதற்கு முன்னால் அவள் உலகத்தில் எல்லாம் தானாக நடந்தது: யாரோ தூக்கினார்கள், தலையில் தண்ணீர் விழுந்தது, வாயில் சோறு வந்தது. குக்கர் சத்தம் கேட்டுச் சாப்பாடு வரப்போகிறது என்று நமக்குத் தெரியும். அம்மா சேலை மாற்றுவதைப் பார்த்து வெளியே போகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியும். இவளுக்கு முன்னறிவிப்பு என்று ஒன்றே இல்லை. அந்தக் கத்தலை நாங்கள் பிடிவாதம் என்று பெயர் வைத்து அடக்கிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பலகை வந்தது அதற்காகத்தான். நெதர்லாந்தில் யான் வான் டைக் என்பவர், ருபெல்லாவால் இப்படிப் பிறந்த பிள்ளைகளோடு 1960-களிலிருந்து வேலை செய்தவர். சேர்ந்து அசைவது, நடக்கப்போவதை ஒரு பொருளால் முன்கூட்டிச் சொல்வது எல்லாம் அவர் வழியாகப் பரவியவை என்று தாயி சொன்னார். பொருள் அந்தப் பிள்ளையின் கைக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ரயில் என்று ஒரு பொம்மை ரயிலை வைத்தால் பயன் இல்லை, குட்டி ரயிலை வெளியிலிருந்து எப்போது தொட்டாள்? அவள் கைக்கு ரயில் என்றால் அந்த வளையம்தான். டீ குடித்ததும் டம்ளரை அவளே கீழே இருக்கும் டப்பாவில் போடுவாள். அந்த டப்பாவுக்குப் பெயர் 'முடிந்தது'.

ஆட்களுக்கும் பெயர் வேண்டுமே. அக்கா, மூக்குத்தி: மூக்கின் ஓரத்தில் ஒரு தொடல். தாயி, கை நிறையப் போட்டிருக்கும் பச்சைக் கண்ணாடி வளையல். நான் எப்போதும் கடிகாரம் கட்டுவதால், மணிக்கட்டைச் சுற்றி ஒரு பிடி. ஆச்சிக்குப் பெயர் காது. பழைய காலத்துப் பெண்கள் பாம்படம் போட்டு வளர்த்த காது, தோள்வரை தொங்கும். குட்டி தன் காது மடலைப் பிடித்துக் கீழே இழுத்தால் ஆச்சி. கிட்டே போகிறவர்கள் முதலில் தோளில் கை வைத்துவிட்டு, தன் அடையாளத்தைத் தொடக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். பேர் சொல்லாமல் உள்ளே வராதே என்பது போல.

இனிதான் நான் மிக முக்கியமாக நினைப்பது. தாயி எங்களைத் திரும்பத் திரும்பத் திருத்தியது ஒரே ஒரு விஷயத்தில்: "அவள் கையைப் பிடிக்காதீர்கள்." யோசித்துப் பாருங்கள், நாம் ஒரு பிள்ளைக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதே கையைப் பிடித்துத்தான். அரிசியில் அ எழுத வைத்ததும் அப்படித்தான். ஆனால் குட்டிக்குக் கைதான் கண், கைதான் காது, வாயும் கைதான். அதைப் பிடித்து இழுத்து ஒரு பொருளின்மேல் அழுத்துகிறவர், அவள் கண்ணைப் பொத்தி, வாயைப் பொத்தி, இப்போது பார், பேசு என்கிறார். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை கையை மூடி வைத்துக்கொள்ளும். குட்டி அப்படித்தான் இருந்தாள், இரண்டு கையும் எப்போதும் முஷ்டி.

அவள் கைக்கு மேலே நம் கை போகக் கூடாது. அவள் கைக்கு அடியில் நம் கை போக வேண்டும். நாம் வேலையைச் செய்வோம், அவள் கை நம் கையின் மேல் சும்மா சவாரி செய்யும். பிடித்திருந்தால் இருப்பாள், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்வாள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உறுதி இருப்பதால்தான் அந்தக் கை அங்கே தங்குகிறது.

அக்காவுக்கும் எனக்கும் இது வரவே இல்லை. அவசரம். பால் ஆறிவிடும், தண்ணீர் நின்றுவிடும், வேலைக்கு நேரமாகிவிடும். வீட்டில் இதை முதலில் பிடித்துக்கொண்டது எழுத்தே தெரியாத ஆச்சி. "பிள்ளைய ஏம்ட்டி பிடிச்சு இழுக்கிய? அவளா வருவா, சும்மா இருங்க" என்பாள்.

ஆச்சி பூக் கட்டி விற்றவள். எண்பது வயதிலும் காலையில் இரண்டு மணி நேரம் கட்டுவாள். அவள் மடிக்கு முன்னால் குட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஆச்சியின் கைமேல் வைத்துக்கொள்வாள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நூல் ஒரு சுற்று, ஒரு கண்ணி, இழுப்பு. மல்லிகையில் காம்பு எது நுனி எது என்பதை விரல் தானாகச் சொல்லும். ஆச்சி வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. ஒரு வருடம் அந்தக் கைகள் அப்படியே சவாரி செய்தன. ஒரு நாள் ஆச்சி கண்ணியைப் போட்டுவிட்டு இழுக்காமல் நிறுத்தினாள். குட்டியின் விரல் இறங்கி நூலை இழுத்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு படியாக ஆச்சி விட்டுக்கொடுத்தாள், கடைசிப் படியிலிருந்து முதல் படியை நோக்கி. இது சிறப்புக் கல்வியில் முறையாகக் கற்றுத்தரும் வழி என்று தாயி ஆச்சரியப்பட்டார். ஆச்சி இதைத் தன் ஆத்தாளிடம் கற்ற விதமே அதுதானாம்.

அளவு கற்றுக்கொடுப்பதிலும் சிரமம் இல்லை. முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, அவள் கையிலேயே இருக்கிறது.

ஹெலன் கெல்லரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இல்லை. குட்டியைப் பார்க்கிற எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லுவார்கள். தண்ணீர்க் குழாய், ஒரு கையில் தண்ணீர், மறு கையில் ஆசிரியை விரலால் காட்டிய எழுத்து, பொருளுக்குப் பெயர் உண்டு என்று ஹெலனுக்கு விளங்கிய அந்த ஒரு நிமிடம். அந்தக் கதையில் நாம் தாண்டிப் போகும் சிலவற்றை நான் பிறகுதான் படித்தேன். ஹெலன் பத்தொன்பது மாதம் வரை பார்த்தவர், கேட்டவர். தண்ணீருக்குக் குழந்தையில் சொன்ன மழலையின் மிச்சம் அவர் வாயில் இருந்துகொண்டே இருந்தது. ஆசிரியை ஆன் சல்லிவன் வந்தது 1887 மார்ச் 3, குழாயடி நடந்தது ஏப்ரல் 5. இடையில் ஒரு மாதம், எழுத்தெல்லாம் வெறும் விரல் விளையாட்டாகவே இருந்தது. சல்லிவனே பார்வை மங்கியவர். அவர் படித்த பாஸ்டன் பள்ளியில், 1837-லேயே லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமிக்கு, கரண்டி, கத்தி, சாவி இவற்றில் மேடெழுத்துச் சீட்டை ஒட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஹெலனுக்கு ஐம்பது வருடம் முன்பே. அந்த லாராவிடமிருந்துதான் சல்லிவன் விரல் எழுத்தைப் பழகினார். யாரும் தனியாக ஒரு நிமிடத்தில் அதிசயம் செய்துவிடவில்லை. எங்கள் வீட்டில் குழாயடி நிமிடம் ஒன்று வரும் என்று அக்கா பல வருடம் காத்திருந்தாள். வரவில்லை. வந்ததெல்லாம் முழங்காலில் இரண்டு தட்டு, நூலில் ஓர் இழுப்பு.

பிரெய்ல் வந்தது பன்னிரண்டு வயதில். எந்த மொழியில் என்று ஒரு கேள்வி எழுந்தது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, தாயிக்கு மராட்டி. அக்கா தமிழ்தான் என்று நின்றாள். தாயிக்குத் தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் முடிந்தது, ஏனென்றால் 1951-லிருந்து இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்ல் இருக்கிறது. தமிழ் க-வும் மராட்டி க-வும் ஒரே இரண்டு புள்ளிகள். தாயி விரலால் படித்தால் அவருக்கும் தமிழ் வாசிக்க வரும், அர்த்தம் மட்டும் நாங்கள் சொல்ல வேண்டும்.

முதலில் அம்மா. அச்சில் மூன்று எழுத்து, பிரெய்லில் ஐந்து கட்டம். அ ஒரே ஒரு புள்ளி. அப்புறம் மெய்யெழுத்தின் புள்ளி, பிரெய்லில் அது எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். பிறகு ம, மறுபடி ம, கடைசியில் ஆ. அக்காவின் மூக்குத்தியைத் தொட்டு, இந்த அட்டையைத் தொட்டு, மூக்குத்தி, அட்டை, ஏழு மாதம். இன்றைக்கு அவளுக்கு ஐம்பது சொற்கள் போலத் தெரியும். பலகையில் பொருளுக்குக் கீழே அதன் பெயரும் ஒட்டியிருக்கிறது. கல்லூரிக்குப் போவாளா என்று கேட்பவர்களுக்கு நான் அந்த ஐம்பது சொற்களையும் சொல்லிக்காட்டுவேன்.

வாரம் இரண்டு நாள் பூ வாங்க அவளைத் தாதருக்கு அழைத்துப்போகிறேன். சயானில் ஏறினால் மாட்டுங்கா, அடுத்து தாதர். மாற்றுத்திறனாளிகள் பெட்டி நிற்கும் இடத்தில் பீப் பீப் என்று ஒரு சத்தம் வரும், பார்வையற்றவர்களுக்காக. குட்டிக்கு அது இல்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பாள். வண்டி வருவது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் பாதத்துக்குத் தெரிந்துவிடும், மணிக்கட்டைப் பிடிப்பாள். உள்ளே, வண்டி ஒருமுறை நின்று கிளம்பியதும் என் கையில் ஒரு விரல். இரண்டாவது முறை வேகம் குறையும்போது எழுந்துவிடுவாள். சந்தையில் செண்டுமல்லி மூட்டைகளுக்கு நடுவில் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள்.

அந்தப் பெட்டியில்தான் காது கேளாத இளைஞர் ஒருவரைப் பார்த்தோம். பகலில் நண்பர்களோடு சைகையில் கலகலவென்று பேசுவார். மாலையில் இறங்கும்போது படியைத் தவறவிடுவார், எதிரே வருபவர்மேல் மோதுவார். கவனம் இல்லாத பையன் என்று வீட்டில் திட்டு. அக்காதான் அவர் அம்மாவைக் கேட்டாள், கண்ணைக் காட்டினீர்களா என்று. அஷர் சிண்ட்ரோம் என்று ஒன்று இருக்கிறது. பிறவியில் காது, பிறகு சிறுவயதிலோ இளமையிலோ முதலில் இரவுப் பார்வை, அப்புறம் ஓரப் பார்வை, குழாய்க்குள் பார்ப்பதுபோல் சுருங்கிக்கொண்டே போகும். தாய் தகப்பன் இருவரிடமும் அந்த மரபணு மறைந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் நம் குடும்பங்களில் இருவரிடமும் இருப்பது எளிது. காது கேளாத பிள்ளை இருட்டில் தடுமாறினால் திட்டாதீர்கள். விழித்திரையைச் சோதிக்கச் சொல்லுங்கள். முன்கூட்டித் தெரிந்தால், கண் இருக்கும்போதே தொட்டுப் பேசும் சைகையையும் பிரெய்லையும் பழகிக்கொள்ளலாம்.

2020-ல் கொரோனா வந்தது. தாராவி எப்படி இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் நடந்தது இது: தொடாதே என்பது சட்டம் ஆயிற்று. தாயி வர முடியாது. வீடியோவில் தாயி வந்தால் குட்டிக்கு அது சூடான ஒரு கண்ணாடிப் பலகை. பலகையில் மாதக்கணக்காக வளையம் வைக்கவில்லை. ஒரு நாள் காலை குட்டி, பொருள்களெல்லாம் போட்டு வைத்திருக்கும் கூடையைத் துழாவி, வளையத்தை எடுத்து, அவளே கொண்டுவந்து பலகையில் வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள். யாரும் சொல்லாமல் தன் நாளைத் தானே எழுதியது அதுதான் முதல்முறை. அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் இல்லை என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினோம். அவள் நாலு நாள் தொடர்ந்து வைத்தாள்.

ஆச்சி 2022-ல் போனாள். காலை ஆறு மணிக்கு. ஊரிலிருந்து, கோலிவாடாவிலிருந்து, செம்பூரிலிருந்து சொந்தமெல்லாம் வரும் என்று ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுங்கள், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் பாவம் என்றார்கள். தாயி ஓடி வந்தார். "பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் தொடட்டும். பிறகு அவளுக்கு வழியே இல்லை" என்றார்.

குட்டி வந்து உட்கார்ந்தாள். தோள், கழுத்து, காது. காது மடலைப் பிடித்துப் பார்த்தாள், தன் மடலையும் இழுத்தாள். அப்புறம் ஆச்சியின் கைகளைத் தேடி எடுத்து, அவற்றின்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கள் எல்லாரையும்விடக் காத்திருக்கத் தெரிந்தவள் அவள். வெகுநேரம். யாரும் அவள் கையை எடுக்கவில்லை. அவளாகத்தான் எடுத்தாள். எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, எழுந்து வெளிச்சத்தின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அக்கா, நூல்கண்டை 'முடிந்தது' டப்பாவில் போடச் சொல்லலாமா என்று கேட்டாள். அப்படியாவது சொல்லிவிடலாம் என்று. தாயி வேண்டாம் என்றார். "அந்த டப்பாவில் போட்டதெல்லாம் நாளைக்குத் திரும்பி வந்திருக்கிறது, பன்னிரண்டு வருடமாக. ஆச்சியும் வருவாள் என்று ஆகிவிடும்." எங்களுக்கு அது தோன்றவே இல்லை. போனது திரும்பாது என்று சொல்ல எங்கள் பலகையில் ஓர் இடம் இல்லை. அதனால் மூன்றாவது அறையைக் காலியாக விட்டோம். தினமும் காலையில் அவள் அந்த இடத்துக்கு வந்ததும் காது மடலை இழுப்பாள். நாங்கள் உள்ளங்கையைக் கவிழ்ப்போம். ஆச்சியின் பாய் இருந்த இடத்துக்கு அழைத்துப்போய்த் தரையைத் தொடக் காட்டுவோம். இழுப்பாள், கவிழ்ப்போம். நாற்பது நாளுக்கு மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடையிலிருந்து நூல்கண்டைத் தானே எடுத்து மூன்றாவது அறையில் வைத்தாள். காதை இழுக்கவில்லை. திரும்பி என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள்.

எனக்குப் பூக் கட்ட வராது. ஆச்சி எத்தனையோ முறை கூப்பிட்டும் உட்காராதவள் நான். அன்று குட்டி என்னை ஆச்சி உட்காரும் இடத்துக்கு எதிரே உட்கார வைத்தாள். என் கைகளை எடுக்கவில்லை. தன் கைகளை என் கைகளுக்கு அடியில் நுழைத்தாள். இரண்டு மொட்டு, இரண்டு மொட்டு, சுற்று, கண்ணி. கண்ணியைப் போட்டுவிட்டு இழுக்காமல் நிறுத்தினாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் அசையவில்லை. வெளியே ஞாயிற்றுக்கிழமைச் சத்தமெல்லாம் நடந்துகொண்டிருந்தது. நூலை இழுத்தேன். தளர்வாகத்தான் விழுந்தது. விரலால் தடவிப் பார்த்து, அதை அவிழ்த்து, மறுபடி கண்ணியைப் போட்டு, மறுபடி நிறுத்தினாள்.